ஒரு மில்லி குப்பியும் நம்ம டேங்க் தண்ணியும்



தண்ணீர் எபிசோடுக்குப் பிறகு வந்த மெயில்களில் ஒன்று மட்டும் என்னை விடவே இல்லை. ஷார்ஜா அல் நஹ்தாவில் இருக்கும் ஒரு நேயர், தங்கள் பில்டிங்கின் மொட்டைமாடி டேங்க் தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தார். ஆகஸ்ட் மாதம் எடுத்த சாம்பிள். அதில் ஒரு வரி: ப்ரோமோஃபார்ம், லிட்டருக்கு 94 மைக்ரோகிராம், வரம்பு 100, பாஸ். "அண்ணா, இது பாஸா, இல்ல ஜஸ்ட் பாஸா?" என்று கேட்டிருந்தார்.

ஒரு டேங்க், ஒரு நாள், ஒரு சாம்பிள். இதை வைத்து ஊர்த் தண்ணீரையே எடை போட வேண்டாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லணும்னா முதலில் வேறொன்றைக் கேட்கணும்: அந்த 94 எங்கிருந்து வந்தது?

முதலில் அந்தப் பெயரைப் பார்த்துவிடுவோம். ப்ரோமோஃபார்மை யாரும் தண்ணீரில் கொண்டுபோய் ஊற்றுவதில்லை. கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறோம். தண்ணீரில் இலை, பாசி, மண் விட்டுப்போன கரிமப் பொருள் கொஞ்சம் எப்போதும் இருக்கும். குளோரின் அதோடும் வினை புரியும். அப்போது பிறக்கிற பொருள்களுக்குத்தான் கிருமிநீக்கத் துணைவிளைபொருள்கள் என்று பெயர். 1974-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிறுவனத்தில் வேலை பார்த்த யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர்தான் இதை முதலில் தெளிவாகக் காட்டினார். பீர் தொழிலிலிருந்து வந்த மனிதர். தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றை உறிஞ்சிச் சோதித்துப் பார்த்தார். குளோரின் போடுவதற்கு முன் இல்லாத குளோரோஃபார்ம், போட்ட பிறகு இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவிலும் இதையே கண்டுபிடித்தார்கள். 1979-ல் அமெரிக்கா முதல் வரம்பை வைத்தது: குளோரோஃபார்ம், ப்ரோமோஃபார்ம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இன்னும் இரண்டு, ஆக நான்கும் சேர்ந்து லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். பிறகு அதை 80 ஆகக் குறைத்தார்கள்.

கவனியுங்கள், கதை முழுக்க ஆற்றுத் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரில் முதல் வில்லன் குளோரோஃபார்ம். நம்ம ஊர்க் கதை வேறு. இங்கே ஆறே கிடையாது. ஜெபல் அலி ஆனாலும், நாளுக்கு 9 லட்சம் கன மீட்டருக்கு மேல் தரும் அபுதாபி தவீலா ஆலை ஆனாலும், மூலப்பொருள் கடல். சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 67 மில்லிகிராம் ப்ரோமைடு இருக்கிறது. வளைகுடா இன்னும் உப்பு அதிகமான கடல், அதனால் இன்னும் கூடுதல். ஆற்று நீரில் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. குளோரின் போட்டதும் அது முதலில் இந்த ப்ரோமைடைப் பிடித்து ஹைப்போப்ரோமஸ் அமிலமாக மாற்றிவிடும். அந்த அமிலம் குளோரினைவிட வேகமாகக் கரிமப் பொருளோடு சேரும். அதனால் இங்கே உண்டாவது பெரும்பாலும் ப்ரோமின் குடும்பம். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பை வடிகட்டினாலும் கொஞ்சம் ப்ரோமைடு தப்பி வந்துவிடும். பிறகு மறுபடி குளோரின், பைப், டேங்க்.

டேங்க் என்றதும் உங்களுக்கே தெரியும். ஜூலை மாசம் ஹீட்டரை ஆஃப் பண்ணி வச்சுட்டு, ஹீட்டர் தண்ணியைத்தான் பச்சைத்தண்ணியா குளிக்கிற ஊர் இது. மொட்டைமாடியில் அந்தச் சூட்டில், மிச்சமிருக்கும் குளோரினோடு, தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் வினை நடந்துகொண்டே இருக்கும். ஊரில் இருக்கும் கஸின்ஸ் சிரிக்க வேண்டாம். மீஞ்சூர் ஆலை 2010-லிருந்து, நெம்மேலி 2013-லிருந்து சென்னைக்குக் கடல்நீரைத்தான் குடிநீராக்கித் தருகின்றன. வேதியியல் ஒன்றேதான்.

இதைப் படித்துவிட்டு 'குளோரினே விஷம்' என்று ஃபேமிலி குரூப்பில் யாரும் ஃபார்வர்டு போட்டுவிடாதீர்கள். கிருமி நீக்காத தண்ணீர் ஆளை இந்த வாரமே படுக்க வைக்கலாம். துணைவிளைபொருள் வரம்புகள் ஆயுசு முழுக்கக் குடிப்பதைக் கணக்கில் வைத்துப் போட்டவை. உலக சுகாதார நிறுவனமும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: இவற்றைக் குறைக்கிறோம் என்று கிருமிநீக்கத்தில் கை வைக்காதீர்கள்.

இப்போது 94-க்கு வருவோம்.

தண்ணீரில் இருப்பதைப் பிரித்தெடுத்து கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவிக்குள் செலுத்துவார்கள். கடைசியில் ஒரு டிடெக்டர் இருக்கும். பல லேப்களில் அது எலக்ட்ரான் கேப்சர் வகை. ஜேம்ஸ் லவ்லாக் 1957-ல் கண்டுபிடித்தது. ஆமாம், பூமியே ஓர் உயிர் என்று 'கையா' கொள்கை சொன்ன அதே லவ்லாக். குளோரின், ப்ரோமின் உள்ள மூலக்கூறு என்றால் இந்த டிடெக்டர் மோப்பம் பிடித்துவிடும். ஆனால் அதற்கு ப்ரோமோஃபார்ம் என்றால் என்னவென்று தெரியாது. மைக்ரோகிராம் என்றாலும் தெரியாது. ஸ்க்ரீனில் ஒரு மேடு வரும், அந்த மேட்டின் பரப்பு ஓர் எண்ணாக வரும். அவ்வளவுதான். கோட் எழுதுகிறவர்களுக்குச் சொன்னால் புரியும்: யூனிட்டும் இல்லாத, லேபிளும் இல்லாத வெறும் நம்பர். போதாக்குறைக்கு, ஒரே அளவு குளோரோஃபார்முக்கும் ப்ரோமோஃபார்முக்கும் அது ஒரே மாதிரி துடிக்காது. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போட முடியாது.

அப்போ அந்த நம்பருக்கு அர்த்தம் தருவது எது? ஒரு கண்ணாடிக் குப்பி. விரல் நீளம், உள்ளே ஒரு மில்லி திரவம், வாயைத் தீயில் உருக்கி மூடியிருப்பார்கள். இதுதான் ஸ்டாண்டர்டு. லேபிளில் எழுதியிருப்பது பொதுவாக இப்படி: நான்கு ட்ரைஹாலோமீத்தேன்கள், மெத்தனாலில், ஒவ்வொன்றும் மில்லிக்கு 2000 மைக்ரோகிராம். லேப்பில் அதை உடைத்து, படிப்படியாக நீர்த்து, 5, 10, 20, 50, 100 என்று தெரிந்த அளவுகளில் கரைசல் செய்து, கருவியில் ஓட்டி ஒரு கோடு போடுவார்கள். பிறகு நம்ம டேங்க் தண்ணீரை ஓட்டி, வந்த மேடு அந்தக் கோட்டில் எங்கே உட்காருகிறது என்று பார்ப்பார்கள். 94-ல் உட்கார்ந்தது.

இந்த அளவுகள் எவ்வளவு சின்னவை என்று பிடிபடணும்னா, வீட்டில் இருக்கிற 5 கேலன் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குப்பி ஒன்றில் இருக்கும் ப்ரோமோஃபார்ம் 2 மில்லிகிராம். அதை முழுசாக 5 கேலனில், அதாவது 18.9 லிட்டரில், கலந்தால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 106 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் ப்ரோமோஃபார்முக்குச் சொல்லும் வழிகாட்டு மதிப்பு 100. ஒரு மில்லிக் குப்பி ஒரு பெரிய பாட்டிலை வரம்பு தாண்ட வைத்துவிடும். இந்த அளவை வித்தியாசப்படுத்திச் சொல்லத்தான் இத்தனை பாடு.

சரி, குப்பியில் 2000 இருக்கிறது என்று யார் சொன்னது? இங்கேதான் எனக்கு இந்தச் சப்ஜெக்ட் பிடித்துப்போனது. குப்பி செய்பவர் ப்ரோமோஃபார்மைத் தராசில் நிறுத்து மெத்தனாலில் கரைக்கிறார். நிறுப்பதற்கு முன் அது எவ்வளவு சுத்தம் என்று தெரிய வேண்டும். ப்ரோமோஃபார்ம் கெட்டுப்போகாமல் இருக்க, பாட்டிலிலேயே கொஞ்சம் எத்தனால் சேர்த்து விற்பது வழக்கம். அதைக் கழிக்காமல் நூறு சதவீதம் என்று நிறுத்தால் ஆரம்பமே கோணல். தராசுக்கு ஒரு எடைக்கல், அந்தக் கல்லைச் சரிபார்க்க இன்னொரு கல், அதற்கு மேல் ஒரு நாட்டின் அளவியல் நிறுவனம். இந்தச் சங்கிலியின் உச்சியில் கிலோகிராம். 2019 மே 20 முதல் கிலோகிராம் என்பது பாரிஸ் பக்கத்துப் பெட்டகத்தில் இருந்த உலோக உருளை இல்லை, பிளாங்க் மாறிலி என்ற ஓர் எண். டேங்க் தண்ணி ரிப்போர்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் குவாண்டம் இயற்பியல் வந்து நிற்கிறது.

நம்ம பக்கத்தில் அபுதாபியில் எமிரேட்ஸ் மெட்ராலஜி இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் பொதுவாக கல்ஃப்மெட் என்ற அளவியல் அமைப்பு இருக்கிறது. குப்பி தயாரிப்பவருக்கு ஐஎஸ்ஓ 17034, சோதிக்கும் லேப்புக்கு ஐஎஸ்ஓ 17025. தராசும் எடைக்கல்லும் இங்கேயே சரிபார்க்கப்படலாம். குப்பி பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ விமானத்தில் வருகிறது. துபாய் வெயிலில் இறங்குகிறது.

இறங்கின பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க, ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு லேப்புக்குப் போனேன். காரைக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் அங்கே சீனியர் கெமிஸ்ட். பேர் போடக் கூடாது என்பது ஒப்பந்தம். ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். சின்னச் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் தேதி.

"உடைக்காத குப்பியைப் பத்தி எனக்குக் கவலை இல்ல தம்பி. உடைச்சுட்டு, மிச்சத்தை மூடி போட்ட வயல்ல ஊத்தி வச்சிருக்காங்கல்ல, அதுதான் வில்லங்கம். மூடி கொஞ்சம் லூசா இருந்தா எது முதல்ல போகும், சொல்லு பாப்போம்?"

"குளோரோஃபார்ம். 61 டிகிரியில கொதிக்கும்னு பாத்தேன் அக்கா."

"கரெக்ட். அது கூடவே மெத்தனாலும் போகும், அது 65. ப்ரோமோஃபார்ம் 149 டிகிரி. அது எங்கயும் போகாது, உக்காந்துக்கிட்டே இருக்கும். அப்ப என்ன ஆகும்?"

யோசித்துப் பாருங்கள். கரைப்பான் ஆவியாகிறது, ப்ரோமோஃபார்ம் அப்படியே இருக்கிறது. கரைசல் கெட்டியாகிறது. லேபிளில் 2000, உள்ளே 2200 என்று வைத்துக்கொள்வோம். லேப் அதை 2000 என்றே நம்பிக் கோடு போடும். அந்தக் கோட்டில் நம்ம தண்ணீர் 94 என்று விழுந்தால், உண்மையில் இருப்பது 103. ரிப்போர்ட் மட்டும் பாஸ் என்று சொல்லும்.

இதில் நயவஞ்சகம் என்னவென்றால், அதே வயலில் குளோரோஃபார்ம் எதிர்த் திசையில் போகும். கரைப்பானைவிட வேகமாக அது ஓடுவதால் நீர்த்துப்போகும். அந்த வயலை வைத்துச் சோதித்தால் குளோரோஃபார்ம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். குளோரோஃபார்ம் மிகுந்த ஆற்று நீர் ஊரில் இந்தத் தவறு நடந்தால் தேவையில்லாத அலாரம் அடிக்கும், யாராவது போய்ப் பார்ப்பார்கள். ப்ரோமோஃபார்ம் மிகுந்த நம்ம ஊரில் அதே தவறு சத்தமே போடாது. ஒரே வயல், ஒரே லூஸ் மூடி.

"இது எப்பவாவது நடந்திருக்கா அக்கா?"

"இங்க இல்ல. முன்னாடி வேலை பாத்த இடத்துல. ஒரு ஸ்டாண்டர்டுன்னா விலை. சிக்கனம் பண்றோம்னு மாசக்கணக்குல அதே வயல். செக் ஸ்டாண்டர்டு ஓட்டினப்பதான் மாட்டுச்சு."

செக் ஸ்டாண்டர்டு என்பதுதான் இதற்கு மருந்து. வேறு கம்பெனியோ, குறைந்தது வேறு லாட்டோ ஆன இன்னொரு குப்பியை வாங்கி, முதல் குப்பியில் போட்ட கோட்டில் அதை ஓட்டிப் பார்ப்பது. இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று பொய் சொல்கிறது. ஒரே குப்பியை வைத்துத் தன்னைத்தானே சோதித்துக்கொண்டால் எப்போதும் ஃபுல் மார்க்தான். டெஸ்ட் டேட்டாவையும் ட்ரெயினிங் டேட்டாவையும் கலந்துவிட்டுச் சந்தோஷப்படுகிற மாதிரி. கோடையில் பார்சல் வந்து ஐஸ் பாக்கெட் மொத்தமும் உருகியிருந்தால், அக்கா அந்த லாட்டைப் பழைய லாட்டோடு ஒப்பிடாமல் தொடுவதில்லை.

நேயருக்கு நான் எழுதியது இதுதான்: லேப்புக்கு மெயில் போட்டு, ஸ்டாண்டர்டின் சர்டிபிகேட், உடைத்த தேதி, வேறு லாட்டில் சரிபார்த்த ரிசல்ட், அளவீட்டின் நிச்சயமின்மை, இந்த நான்கையும் கேளுங்கள். நல்ல லேப் கோபித்துக்கொள்ளாது. அவர் கேட்டார், அவர்களும் அனுப்பினார்கள். ஸ்டாண்டர்டு புதிது, செக்கும் ஒத்துப்போயிருக்கிறது. நிச்சயமின்மை மட்டும் கூட்டல் கழித்தல் 11. அதாவது உண்மையான அளவு 83-லிருந்து 105-க்குள் எங்கேயும் இருக்கலாம். அப்படியிருக்க 'பாஸ்' என்று எந்தத் தீர்ப்பு விதியில் எழுதினார்கள்? 17025-ன் 2017 பதிப்பு, பாஸ் ஃபெயில் சொல்வதானால் இந்த விதியை வாடிக்கையாளரோடு பேசி முடிவு செய்யணும் என்கிறது. பில்டிங் மேனேஜ்மென்ட் யாரோடும் பேசின மாதிரி தெரியவில்லை.

இன்னொன்று, அதே ரிப்போர்ட்டில் அடுத்த வரி: டைப்ரோமோகுளோரோமீத்தேன் 9, வரம்பு 100, பாஸ். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பாஸ். ஆனால் உலக சுகாதார நிறுவனம் நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஒவ்வொன்றையும் அதனதன் வரம்பால் வகுத்து, கூட்டினால் 1-க்கு மேல் போகக் கூடாது. 0.94, அதோடு 0.09. மற்ற இரண்டையும் கூட்டுவதற்கு முன்னாலேயே 1.03. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய எண் இல்லை. டேங்கைக் கழுவி, தண்ணீர் அதில் நிற்கிற நேரத்தைக் குறைத்து, மறுபடி சாம்பிள் எடுக்க வேண்டிய எண். அதைத்தான் செய்யச் சொன்னேன்.

இதுவரை பேசியது, ஸ்டாண்டர்டு இருந்து அது சரியா தப்பா என்ற கதை. எனக்கு அதைவிட உறுத்துவது, ஸ்டாண்டர்டே வாங்காத பொருள்கள். கருவியில் மேடு வரும். எதோடும் ஒப்பிட ஆளில்லாததால் அதற்குப் பெயர் இருக்காது, எண் இருக்காது. ரிப்போர்ட்டில் வரியும் இருக்காது.

ட்ரைஹாலோமீத்தேன்களுக்கு அடுத்த பெரிய குடும்பம் ஹாலோஅசிட்டிக் அமிலங்கள். குளோரினும் ப்ரோமினும் மட்டும் சேர்ந்தவை மொத்தம் 9. அமெரிக்கா 1998-ல் வரம்பு வைத்தது 5-க்கு: மோனோகுளோரோ, டைகுளோரோ, ட்ரைகுளோரோ, மோனோப்ரோமோ, டைப்ரோமோ. ஐந்தும் சேர்ந்து 60 மைக்ரோகிராம். விடுபட்ட 4 எவை தெரியுமா? ப்ரோமோகுளோரோ, ப்ரோமோடைகுளோரோ, டைப்ரோமோகுளோரோ, ட்ரைப்ரோமோ. நான்கிலும் ப்ரோமின். கடைசி மூன்றுக்கும் 1990-களின் நடுவில் கடையில் வாங்கக்கூடிய நல்ல ஸ்டாண்டர்டு கிடைப்பதே பெரும்பாடு. அளக்க முடியாததற்கு வரம்பு வைக்க முடியாது, வரம்பு இல்லாததற்கு யாரும் ஸ்டாண்டர்டு கேட்பதில்லை. குழாயடிச் சண்டை மாதிரி சுற்றிச் சுற்றி அங்கேயே வரும்.

ப்ரோமைடு குறைவான ஆற்றுத் தண்ணீருக்கு அந்த 5 ஓரளவு போதும். ப்ரோமைடு கூடக்கூட அமிலங்களும் ப்ரோமின் பக்கம் சாயும் என்பதை 1996-லேயே வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கோமனும் சிங்கரும் காட்டிவிட்டார்கள். இல்லினாய்ஸில் மைக்கேல் ப்ளீவா குழு லேப்பில் வளர்த்த பாலூட்டிச் செல்களில் சோதித்துப் பார்த்ததில், ப்ரோமின் வகை அதே மாதிரியான குளோரின் வகையைவிடச் செல்லுக்கு அதிகச் சேதம் செய்தது. செல்தான், மனிதர் இல்லை, அந்தத் தூரத்தை மறக்கக் கூடாது. இருந்தாலும், ஆற்றுக்காகப் போட்ட பட்டியலைக் கடலைக் குடிக்கிற ஊரில் அப்படியே ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்காவே 2018-லிருந்து 2020 வரை நடத்திய நாடு தழுவிய கண்காணிப்பில் 9 அமிலங்களையும் அளந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்புகள் இன்னும் குளோரின் அமிலங்கள் மூன்றுக்கு மட்டும்தான்.

இப்போது ஒன்பதுக்கும் ஸ்டாண்டர்டு கிடைக்கிறது. ஆனால் பராமரிப்பது லேசில்லை. ட்ரைப்ரோமோஅசிட்டிக் அமிலம் சூடு பட்டால் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு ப்ரோமோஃபார்மாக மாறிவிடும். அளக்க வந்த பொருளே வேறு பொருளாகிறது. டிடெக்டருக்கு முன்னால் உள்ள சூடான இன்ஜெக்டருக்குள்ளேயே இது நடக்கலாம் என்பதால் அங்கே வெப்பத்தைக் குறைவாக வைக்கிறார்கள். கார்கோ ஷெட்டில் ஒரு மதியம் கிடந்தால் என்ன ஆகும் என்று அக்காவிடம் கேட்டேன். "அதனாலதான் நான் ஆர்டரை நவம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள போடுவேன்" என்றார். அவங்க லேப்பில் ஒன்பதும் உண்டு. ஆனால் வருகிற ஆர்டர்களில் ஒன்பது கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலானவர்கள் கேட்பது ட்ரைஹாலோமீத்தேன் மட்டும், கொஞ்சம் பேர் 5 அமிலம். விலை ஒரு காரணம். கேட்கணும்னு தெரியாதது இன்னொரு காரணம்.

உங்க பில்டிங், உங்க ஸ்கூல், ஆபீஸ், எங்கேயாவது தண்ணீர் ரிப்போர்ட் கிடைத்தால் அதில் ஹாலோஅசிட்டிக் அமிலம் எத்தனை வரி என்று எண்ணி எழுதி அனுப்புங்க. 0, 5, 9, எதுவானாலும் சரி. பில்டிங் பேரும் லேப் பேரும் வேண்டாம், எமிரேட்டும் மாசமும் போதும். கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், சவூதி மக்களும் அனுப்பலாம். அடுத்த எபிசோடில் அக்கா பேசச் சம்மதித்திருக்கிறார், குரலை மட்டும் மாத்திப் போடணுமாம்.